ஆன்டெனா அண்ணாச்சி

எங்கள் தெலுங்குப் பேட்டையான ஹப்சிகுடா முழுக்க அலசினாலும், எதிர் ஃபிளாட்காரரின் பெயர் தெரியாமல் பிரேசில்காரரின் முதுகுவலியை நாள் தவறாமல் விசாரித்த மனிதர் ஆன்டெனா அண்ணாச்சி ஒருவர்தான். சொந்த ஊர் திருநெல்வேலி. பாலாநகரில் தொழிற்சாலை வேலை. முறையாக உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோக்காரர். மொட்டைமாடியில் மூங்கில் நட்டு அவர் இழுத்துக் கட்டிய கம்பியில், விவரம் தெரியாதவர்கள் புடவை காயப்போட்டுவிடுவார்கள்.

"யாரும்மா அது, ஜப்பானை மறைக்கறது?" என்று சத்தம் வரும்.

பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லும் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "ஒரு லிட்டர் போதும், ஓவர்" என்பார். ஓவர் சொல்லாதவரை பால்காரர் நகர மாட்டார்.

அபார்ட்மென்ட் செயலாளர் ரெட்டிகாருவுக்கு மட்டும் அந்தக் கம்பியைக் கண்டாலே ஆகாது. "பில்டிங் அழகே போச்சு, தீசேயண்டி சார்!" என்று கழற்றச் சொல்லி எப்போதும் சண்டை.

அப்புறம்தான் அந்த மழை. விடிந்து பார்த்தால் தெருவே இல்லை. கீழே நின்ற கார்கள் தூக்கத்தில் புரள்வதுபோல மெல்ல மிதந்தன. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. எங்கள் கட்டடம் மட்டும் தனியாக மேகத்துக்குள் குடிபோய்விட்ட மாதிரி ஓர் அமைதி.

அந்த அமைதியைக் கலைத்துக்கொண்டு ரெட்டிகாரு படியேறி ஓடி வந்தார். அவர் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் கரண்ட் போனதில் நின்றுவிட்டது. கைவசம் இருந்த சிலிண்டரும் தீரப் போகிறது. "சார், மா நான்னா..." என்று அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி பேட்டரியையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். காற்றில் மூங்கில் சாய்ந்து கிடந்தது.

"இதப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. கதலொத்து, அசையக் கூடாது, ஓவர்."

ரெட்டிகாரு சொட்டச் சொட்ட நனைந்தபடி மூங்கிலை நிமிர்த்திப் பிடித்தார். நிவாரணக் கட்டுப்பாட்டு அறையில் இன்னொரு ஹாம் தன்னார்வலர் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கனவில் கேட்பதுபோல மிதந்து வந்தது. அண்ணாச்சி முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். படகு புறப்பட்டதாகப் பதில் வந்ததும் ரெட்டிகாரு மூங்கிலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

"அழுங்க, தப்பில்ல. ஆனா ஆடாதீங்க."

படகில் சிலிண்டர் வந்தது. பெரியவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ரெட்டிகாருவும் கூடப் போனதால் மூங்கில், அதே கட்டடத்தில் தனியாகத் தங்கியிருந்த என் கைக்கு வந்தது.

"மதுரையில நமக்கு ஒரு ஆள் இருக்காரும்மா. ஒங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருவாரு. என்ன சொல்லணும்?"

"நல்லாருக்கேன், சாப்பிட்டேன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"சாப்ட்டியா?"

நான் மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அப்பம் பாதிதான் சொல்ல முடியும். ரேடியோவுல பொய் சொல்லப்பிடாது, லைசென்ஸ் போயிரும்" என்றவர், மதுரைக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, என்னிடமிருந்து மூங்கிலை வாங்கிக்கொண்டார். டப்பா ஒன்றை நீட்டினார். அவரே கிண்டிய உப்புமா.

உப்பே இல்லை. மதுரை காத்துக்கொண்டிருக்க, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.