கழற்ற முடியாத சட்டை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு சட்டைதான் தைத்திருக்கிறேன், பிள்ளைகளே. அதைப் போட முடிந்தது. கழற்றத்தான் முடியவில்லை.

அது யுத்த காலம். துணிக்குக் கன்ட்ரோல். கீழ்நாட்டுக்காரர்களுக்கே கிடைக்காத துணி கொல்லிமலைக்கு எங்கே ஏறி வரும்? அந்த ஆடியில் என் மனைவி நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கும் ஏழு வயது மகள் பொன்னிக்கும் அவள் விட்டுப்போனது ஒரு கத்திரிப்பூ நிறச் சேலையும், மகள் நாலு எழுத்துப் படிக்க வேண்டும் என்ற ஆசையும்தான். சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு பொன்னி தூங்குவாள். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் பொழுதெல்லாம் காட்டிலேயே கிடந்தேன்.

மழை ஓய்ந்ததும் எங்கள் வாழவந்தி நாட்டில், ஓர் ஓலைக் கொட்டகையில் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். இடுப்பில் ஒரு துண்டோடு நின்ற பொன்னியைப் பார்த்த வாத்தியார், "புள்ளைக்கு ஒரு சட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க. திங்கக்கிழமை பேர் எழுதிக்கறேன்" என்றார்.

சட்டைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் பெண்கள் சேலையை மார்போடு சுற்றிக் கட்டுவார்கள். ஆண்களுக்குக் கம்பளி. ஊரில் தைத்த துணி என்றால் மிளகு மூட்டை ஒன்றுதான். (நானோ மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஓர் எண்ணம்.)

முள்ளுக்குறிச்சித் தையல்காரர் பட்டாளத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவியிடம் கைமிஷினை இரவல் கேட்டு, தலையில் வைத்து மலையேறினேன். துணி? இருந்தது அந்தச் சேலை ஒன்றுதான். வெட்டட்டுமா என்று கேட்டபோது பொன்னி அதை மடியில் வைத்துத் தடவினாள்.

"பள்ளிக்கூடத்துக்குன்னா வெட்டிக்கோங்கப்பா. ஆனா ஒருக்காதான் வெட்டோணும்."

"ஒரே வெட்டுத்தான் சாமி" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

இனித் தையல் கூடம் அமைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே வைத்தால் ஊசி தெரியவில்லை. வாசற்படியில் உரலைக் கவிழ்த்து, மேலே பலகை போட்டு மிஷினை வைத்தேன். சக்கரத்தைச் சுற்றினால் மிஷினோடு பலகையும் சேர்ந்து ஆடியது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"ஏண்டா தம்பி, சட்டை தெக்கறியா, எருது அடக்கறியா?" என்றாள் அக்கா.

முந்தானைப் பக்கம் இரண்டு முழம், கோணலாக ஒரே வெட்டு. பக்கவாட்டில் ஒரு தையல் ஓட்டிக் குழாய் போல ஆக்கினேன். தையல் முடிகிற இடத்தில் ஊசி டக்கென்று உடைந்தது. இருந்ததே ஒரே ஊசி.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? கோணி ஊசியை எடுத்தேன். மூட்டையை எப்படித் தைப்போம்? சரக்கை உள்ளே போட்டுவிட்டுத்தானே வாயைத் தைப்போம்! பொன்னியை உள்ளே நிறுத்தினேன். தலைக்கும் கைகளுக்கும் வழி விட்டு, இரண்டு தோள்பட்டையிலும் எலி நுழையாதபடி இரட்டைத் தையல் போட்டேன். கழுத்தோடு கச்சிதமாக நின்றது.

திங்கட்கிழமை பெயர் எழுதினார்கள். பொன்னியின் நடையைப் பார்க்க வேண்டுமே!

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அக்கா சட்டையை மேலே இழுத்தாள். அது மோவாயோடு நின்றுவிட்டது. கழுத்துக்கு அளவு பார்த்த நான் தலைக்குப் பார்க்கவில்லை. அக்கா காதுகளில் விளக்கெண்ணெய் தடவி இழுத்தாள். பொன்னிதான் தரையிலிருந்து கிளம்பினாளே தவிர, சட்டை கிளம்பவில்லை.

"கத்தியக் கொண்டாடா" என்றாள் அக்கா.

பொன்னி துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஒருக்காதான்னு சொன்னீங்கல்லப்பா!"

சட்டையோடே குளிப்பாட்டி, மிளகு காயப்போடுகிற பாறையில் உட்கார வைத்தோம். மூடுபனி இறங்கிவிட்டது. துணி காயவில்லை. மறுநாள் காலை பொன்னியின் உடம்பு கொதித்தது.

அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கத்தியை எடுத்துவிட்டேன். அப்போது பொன்னி கண்ணைத் திறந்து, ஈனக் குரலில் சொன்னாள்:

"வெட்டாதீங்கப்பா. மூட்டைய அவுக்கறாப்புல அவுத்துடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கத்தியைப் பார்த்தேன். எத்தனை மூட்டை அவிழ்த்த கை இது! (மூன்றாம் வகுப்பு வரை படித்தும் என்ன பயன்?)

நனைந்த நூல் ஊதி இறுகியிருந்தது. அவளை மடியில் கிடத்தி, கோணி ஊசி நுனியால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். உச்சிப் பொழுதாகிவிட்டது. அவள் அம்மா போனதற்குப் பிறகு அவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை. அழுதேன். ஈரத்துணிதானே, தெரியவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அடுத்த திங்கட்கிழமை பொன்னி கோணி ஊசியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"கழுத்த அகலமா உட்டுத் தெச்சுடுடா, ஒரேயடியா முடிஞ்சுரும்" என்றாள் அக்கா.

"வேண்டாங்கத்தே" என்றாள் பொன்னி. "தெக்கறப்பத்தான் அப்பா எம்பக்கத்துல உக்காந்திருக்குது."

அந்த வருஷம் முழுக்கத் திங்கட்கிழமை தைப்பேன், சனிக்கிழமை அவிழ்ப்பேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் வெளியே கிளம்பி நிற்பவரைப் பார்த்து, "மூட்டை கட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணத்தன்று அலங்காரம் முடிந்து வந்த பொன்னி, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "பயப்படாதீங்கப்பா, இந்த ரவிக்கைக்கு ஊக்கு இருக்குது." பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குத் தைக்க ஒன்றுமில்லாமல் என் கை சும்மா இருந்தது.

மிச்சச் சேலையை அவள் தன்னோடு கொண்டுபோனாள். பேரன் பிறந்ததும் அதிலேதான் தொட்டில் கட்டினாள். தொட்டிலாட்டப் போனபோது பார்த்தேன். ஓரத்தில் என் ஒரே வெட்டு, கோணலாக அப்படியே இருந்தது.