டென்மார்க்கை வென்ற கணக்கு

பாரிசின் லா சப்பலில் சேலைக்கடையொன்றில் வேலைபார்க்கும் யோகராணியின் மகள் விதுர்ஷாவுக்கு நாலு மாதமாகக் கணக்கு ரீச்சர் இல்லை. இருந்தவர் பிரசவ லீவில் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. கணக்குப் பாட நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று புறாக்களைப் பார்த்தார்கள்.

யோகராணி ஒரு நாள் லீவு போட்டு, மொழிபெயர்க்க மகளையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மத்தியூ என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிதர். எழுந்து நின்று கதிரை காட்டினார்.

"கணக்கு ரீச்சர் எப்ப வருவா எண்டு கேள் பிள்ளை."

மத்தியூ கணினித் திரையைத் திருப்பினார். "மதாம், ஒரு மாணவருக்காக நமது குடியரசு செலவிடும் தொகை இதோ. எவ்வளவு உயரம் பாருங்கள்!"

திரையில் நீலத் தூண் ஒன்று நின்றது. பக்கத்தில் ஒரு சிவப்புத் தூண், அதைவிட இரண்டு விரற்கடை உயரமாக.

"அந்தச் சிவப்பு ஆர்?"

"டென்மார்க்," என்றார் மத்தியூ, குரலைத் தாழ்த்தி.

யோகராணிக்குச் சுரீரென்றது. அவள் தம்பி சுகந்தன் இருப்பது டென்மார்க்கில். ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பெருமையை அரைமணி நேரம் சொல்லுவான்.

"அவை எங்களைவிடக் கூடவோ?"

"அங்கே குளிர் அதிகம் மதாம். வகுப்பறையைச் சூடாக்கும் செலவைக் கழிப்பதே நியாயம்." கழித்தார். சிவப்பு கொஞ்சம் குனிந்தது.

"சைக்கிள் கொட்டிலையும் கழிக்கச் சொல்லு. அங்கை பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கொட்டில் எண்டு தம்பி சொன்னவன்."

மத்தியூவின் கண்கள் கலங்கின. இருபது வருடச் சேவையில் பொதுமக்களிடமிருந்து இப்படியொரு ஒத்துழைப்பை அவர் கண்டதில்லை.

"அம்மா, என்ர ரீச்சர்?" விதுர்ஷா தாயின் கையை இழுத்தாள்.

"பொறு பிள்ளை. பெரிய விசயம் கதைக்கிறம்."

அடுத்த கிழமையே 'இருநாட்டுக் கல்விச் செலவின ஒப்பீட்டு உயர்மட்ட ஆணைக்குழு' உதயமாயிற்று. யோகராணி அதில் பெற்றோர் பிரதிநிதி. முதல் கூட்டத்தில், கட்டுக்கட்டான காகிதங்களுக்கு நடுவே ரோசாலி என்றொரு இளம்பெண் குனிந்த தலை நிமிராமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கணக்குச் செய்யிறா," என்று யோகராணி வியந்ததை விதுர்ஷா மொழிபெயர்த்தாள்.

"நான் கணக்கு ஆசிரியைதானே," என்றாள் ரோசாலி. "உங்கள் மகளின் பள்ளிக்குத்தான் நியமனம் கிடைத்தது. சேருவதற்குள் இங்கே கூப்பிட்டுவிட்டார்கள். ஆணைக்குழுவில் கணக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையாம்."

இதை மொழிபெயர்க்க விதுர்ஷாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. கேட்ட யோகராணி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மத்தியூ ஓடிவந்தார்.

"கலங்க வேண்டாம் மதாம்! இவருடைய சம்பளம் இப்போதும் உங்கள் மகளின் பள்ளிக்கூடச் செலவில்தான் சேர்கிறது. ஆணைக்குழுவின் மேசை, கதிரை, கோப்பி எல்லாமே கல்விச் செலவு. இப்போது பாருங்கள்!"

நீலத் தூண் சிவப்பை ஒரு மயிரிழை தாண்டி நின்றது. சபை எழுந்து கைதட்டியது. யோகராணியும் தட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு மற்றவர்களைவிடப் பலமாக.

அந்த ஞாயிறு, தம்பி எடுக்குமுன் அவளே எடுத்தாள்.

"தம்பி, இப்ப நாங்கள்தான் முன்னுக்கு."

"பொய் சொல்லாதேங்கோ அக்கா," என்று போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவன் எடுக்கவில்லை. நாலாவது ஞாயிறு எடுத்தபோது குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

"அக்கா, நான் போய்க் கேட்டு இஞ்சையும் ஆணைக்குழு போட்டாச்சு. மகன்ர கணக்கு ரீச்சரை மட்டுமில்லை, சயன்ஸ் ரீச்சரையும் அதுக்கு எடுத்திட்டினம். திரும்ப நாங்கள்தான் முன்னுக்கு!"

யோகராணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. விடிந்ததும் விதுர்ஷாவை இழுத்துக்கொண்டு மத்தியூவின் அறைக்குள் நுழைந்தாள்.

"சொல்லு பிள்ளை," என்றாள் மூச்சிரைக்க. "உங்கட பள்ளிக்கூடத்தில சயன்ஸ் ரீச்சர் ஒருத்தர் சும்மா படிப்பிச்சுக்கொண்டு நிக்கிறார் எண்டு சொல்லு."