சம்பந்தியின் நாகஸ்வரத் தட்டு

சரியாகப் பகல் பன்னிரண்டே கால். ரேடியோ கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். கேரியரில் கட்டியிருந்த இசைத்தட்டை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போய், புதிதாக வந்திருந்த கேசட்டின் மகிமையை அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். (பட்டம் வாங்கியவன் என்றால் யாரும் நம்புவதில்லை.)

தட்டு என்னுடையதல்ல. தன் மகனுக்கு என் மகள் செல்வியைப் பெண் கேட்டிருந்த கொமரலிங்கத்துக்காரருடையது. நாகஸ்வரத் தட்டு, இன்னொன்று கிடைக்காது. அதை விளிம்பில் மட்டும் பிடித்து, தூசி துடைத்து, முள்ளைப் பூப்போல இறக்குவார். அந்த அழகைப் பார்த்தே, இந்த வீட்டில் செல்வி நன்றாக இருப்பாள் என்று முடிவு கட்டியிருந்தேன். கேசட்டில் ஏற்றிக் கொடுத்து அசத்தலாம் என்று இரவல் கேட்டேன்.

"பொண்ணக் குடுக்கற மாதிரி குடுக்கறனுங்க. பத்திரமுங்க" என்றார்.

கடையை விட்டு வெளியே வந்தால், தட்டு பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது. அன்று சாயங்காலம்தான் அவர் கல்யாண நாள் குறிக்க வருகிறார்.

பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்கு வேறென்ன தோன்றும்? நேரே இஸ்திரி மேசைக்கு ஓடினேன்.

"சார், இது துணியில்லீங்க" என்றார் காதர் பாய். இருபது வருடம் பெட்டி பிடித்தவர், தொடவே மறுத்துவிட்டார்.

"சூட்டுல நெளிஞ்சது சூட்டுலதானுங்க பாய் நிமிரும்" என்று விஞ்ஞானம் பேசி, மேலும் கீழும் பனியனை வைத்து நானே தேய்த்தேன்.

நிமிர்ந்தது. (அந்த அரை நிமிடப் பெருமையை மறைக்க மாட்டேன்.) பிறகு பனியனை உரித்தேன். பாட்டுக் கோடுகளைக் காணோம். பனியனின் பின்னல்தான் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"டிசைன் நல்லா வந்திருக்குங்க" என்றார் காதர் பாய்.

வீட்டில் செல்வி பார்த்தாள். "மறைக்காதீங்கப்பா. நீங்களே அவரு கையில குடுத்துருங்க."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா கண்ணு?"

"பொய் சொல்லி நடக்கறதுக்கு நின்னே போகட்டுமுங்க."

ஐந்தரைக்கு அவர் வந்தார். தட்டை நீட்டினேன். வழக்கம்போல விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்தார். (இன்றும் பேரப்பிள்ளைகள் என்னைக் கண்டால் பொம்மைகளை ஒளித்துவைப்பார்கள்.)

"ஏனுங்க சம்பந்தி," என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. "வர்ற முகூர்த்தத்துலயே கல்யாணத்த வெச்சுக்கலாமுங்க. உங்க கையில எதையும் ரொம்ப நாளு உட்டு வெக்கறது நல்லதில்லீங்க."