சியர் ஸ்பிரிங் பறந்த இரண்டாவது சனிக்கிழமை

நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். அதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் இப்போது வேண்டாம். மணி காலை எட்டு. அசரியா சார் மகா நியாயத்தோடு நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நியாயத்தோடு இருப்பவரைப் பார்த்து எட்டு மணிக்கே சிரித்தால் அது பாவம். நாலு மணி ஆகட்டும்.

அசரியா சார் முன்னாள் ராணுவம். இப்போது சித்தூரில் ஒரு நகைக்கடன் கம்பெனி வாசலில் காவல். காவலுக்குக் கொண்டு போவது அவருடைய சொந்த ரைபிள். லைசென்ஸ் உண்டு. அவரைவிட அதற்கு வயது அதிகம், உறுமல் குறைவு. தோட்டாக்கள் கம்பெனி லாக்கரில் தூங்கும். ரைபிள் மட்டும் வீட்டுக்கு வரும்.

மாதா மாதம் இரண்டாவது சனிக்கிழமை லீவு. அன்றைக்கு ட்ரிக்கர் பாகங்களைப் பிரித்துச் சுத்தம் செய்வார். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரிப்பார். ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய், தேய்ந்த டூத் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய். கழற்றியது எல்லாம் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக அணிவகுக்கும். பத்து உருப்படி. எண்ணிப் பிரித்து, எண்ணிப் பூட்டும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"ஆயுதத்தப் பிரிச்சிப் போட்டுட்டு எழுந்து போறவன் சிப்பாயே இல்ல!" இது அவர் சட்டம்.

இந்தச் சட்டத்தில் ஒரு சௌகரியம். அரை மணி நேர வேலையை அந்தி சாயும்வரை இழுக்கலாம். சிலிண்டர் மாற்ற எழுந்திருக்க முடியாது. ரேஷனுக்குப் போக முடியாது. ஒட்டடை என்ற சொல்லே காதில் விழாது. பதினோரு வருஷமாக எல்லா இரண்டாவது சனிக்கிழமையும் அவர் மனைவி ஞானசௌந்தரி தனியாகவே வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை.

"இன்னாங்க, ஒரு கை பிடிங்க. பீரோ, கட்டில் எல்லாம் வெளிய எடுக்கணும். சாயந்திரம் சிட்டிபாபு பெயிண்ட் அடிக்க வரான். கிறிஸ்மஸுக்குத் திருப்பதிலேர்ந்து எங்க அண்ணன் குடும்பம் வருது. செவுரு எப்பிடி கீதுன்னு பாருங்க."

"பிரிச்சிட்டேனே."

"இன்னும் ஒண்ணும் பிரிக்கலியே?"

அசரியா சார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஒரு ஸ்க்ரூவைத் திருகினார். வேட்டியில் வைத்தார்.

"இப்ப பிரிச்சிட்டேன்."

ஞானசௌந்தரி அந்த ஸ்க்ரூவை மூன்று விநாடி பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். பதினோரு வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் விட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு டீ வந்தது. வேட்டியில் பத்து உருப்படியும் பளபளத்தன. ஞானசௌந்தரி குந்தி உட்கார்ந்தாள்.

"இந்த வளைஞ்சது இன்னாதுங்க?"

கேட்டாளே! பாடம் நடத்த வாய்ப்பு கிடைத்தால் அசரியா சார் தமிழிலிருந்து ஹவில்தார் குரலுக்கு ஏறிவிடுவார். "இது சியர் ஸ்பிரிங்! சியர்னா கொக்கி. பாயற ஊசியப் புடிச்சி நிறுத்தறது அது. அத அழுத்திக்கினு இருக்கறது இந்த ஸ்பிரிங். கொஞ்சம் அசந்தா பத்தடி பறக்கும்! ஜபல்பூர்ல ஒரு தபா மேல பரண்ல போய் விழுந்துச்சி, தெரியுமா?"

"அம்மாடி! பத்தடியா?" என்றாள், கண்ணை அகலமாக விரித்து.

அவர் டீயை எப்போதும் கண்ணை மூடித்தான் குடிப்பார். குடித்தார். கண்ணைத் திறந்து எண்ணினார். ஒன்பது.

மறுபடி எண்ணினார். வலமிருந்து எண்ணினார். இந்தியில் எண்ணினார். எல்லா மொழியிலும் ஒன்பதுதான்.

"ஸ்பிரிங்கு!"

"பறந்துடுச்சாங்க?" என்றாள் சமையல்கட்டிலிருந்து.

விளையாட்டில்லை இது. திங்கட்கிழமை லைசென்ஸ் புதுப்பிப்பு. ரைபிளை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். ஸ்பிரிங் இல்லாத ட்ரிக்கர் அறுந்த செருப்பு வார் மாதிரி தொங்கும். அந்தக் காலத்து ரைபிளுக்கு மாற்று ஸ்பிரிங் எந்தக் கடையிலும் இல்லை. லைசென்ஸ் போனால் வேலை போச்சு.

அவர் எழுந்தார். எழுந்தவர் நின்றார். சட்டம்!

"நீங்க தேடுங்க" என்று ஞானசௌந்தரி வேட்டி ஓரமாக வந்து உட்கார்ந்தாள். "பிரிச்சத உட்டுட்டு எல்லாரும் எழுந்துடக் கூடாதில்ல? மீதி ஒம்போதுக்கு நான் காவல்." மடியில் ஒரு கிண்ணம் வேர்க்கடலை இருந்தது.

முதலில் சோபாவைத் தூக்கினார்.

"உள்ளயே தட்டாதீங்க, இன்னொரு மூலைக்கு ஓடிடும். வாசல்ல வெச்சித் தட்டுங்க."

வாஸ்தவம். சோபா வாசலுக்குப் போனது. கட்டில் போனது. தையல் மெஷின் போனது. பீரோவைத் தனி ஆளாக, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே என்று நடக்கவைத்தே கொண்டு போனார். போகும் வழியெல்லாம் முழக்கம். "வீடா இது? ஒரு சிப்பாய் வீட்ல இவ்ளோ தூசியா? பீரோவுக்குப் பின்னால பயிரே வெக்கலாம் போல கீது! கேக்க ஆள் இல்ல!"

"அதாங்க, யாரும் நகர்த்தறதே இல்ல" என்றாள் கடலையை உடைத்துக்கொண்டு.

சிரிக்காதீர்கள். மணி பன்னிரண்டுதான்.

"பரண்ல உழும்னீங்களே?"

பரண் காலியானது. அண்டா, குண்டான், உடைந்த சைக்கிள் சக்கரம், எல்லாம் இறங்கின.

"ஃபேன் ரெக்கை மேல உக்காந்திருந்தா?"

மூன்று ஃபேனையும் துடைத்தார்.

"சிலந்தி வலைல மாட்டிக்கினு தொங்குதோ இன்னாவோ."

ஒட்டடைக் குச்சியோடு நாலு அறையும் சுற்றினார். மீசையில் ஒட்டடை, காதில் ஒட்டடை. காம்பவுண்டு சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு வெங்கடம்மாவின் தலை முளைத்தது.

"ஏமண்டி சார், இல்லு... வீடு காலி பண்றீங்களா? அட்வான்ஸ் திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"காலியும் இல்ல, கீலியும் இல்ல! இது மிலிட்ரி விஷயம்! உள்ள போங்கம்மா!"

"எந்துக்கண்டி, எதுக்கு இவ்ளோ கோபம்? சாமான் தூக்கறவன் கோபப்பட்டா இடுப்புப் புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலை இறங்கியது.

இடுப்பு பிடித்துக்கொண்டது.

மணி நாலு. வீட்டுக்குள் நாலு சுவரும், ஒரு வேட்டியும், ஒன்பது உருப்படியும், ஞானசௌந்தரியும். மற்றதெல்லாம் வாசலில். நடுவில், கவிழ்த்த அண்டா மேல் அசரியா சார், மூச்சிரைக்க. பெயிண்ட் டப்பாவோடு சிட்டிபாபு வந்து நின்றான். வாயைப் பிளந்தான்.

"அடேங்கப்பா! அக்கா சொன்னா சொன்னதுதான் சார்!"

"இன்னாடா சொன்னா?"

"எட்டரைக்கே போன் பண்ணாங்க சார். 'சாமான் தூக்க ஆளு கூட்டியாராத சிட்டிபாபு. நாலு மணிக்குள்ள சாரே எல்லாத்தையும் வாசல்ல எடுத்து வெச்சிடுவாரு'ன்னாங்க. நான்தான் நம்பல."

எட்டரை.

ஸ்பிரிங் பறந்தது பத்து மணிக்கு.

அசரியா சார் மெதுவாக எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே ஞானசௌந்தரி கடலைத் தோலை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பிரிங் எங்கடி?"

"பெயிண்ட் காயட்டுங்க. எல்லாத்தையும் இருந்த எடத்துல திரும்ப வெச்சிட்டீங்கன்னா, திங்கட்கெழமைக்குள்ள கெடைச்சிடும்."