வெட்டாமல் விடும் பிரிவு

கணையம், கல்லீரல், உடற்பருமன் ஆகிய மூன்றுக்குமான அறுவை சிகிச்சைத் துறையின் தலைவருக்கு ஆஸ்பத்திரியில் பட்டாணி டாக்டர் என்று பெயர். கணையத்தில் பட்டாணி அளவுக்கு நீர்க்கட்டி இருப்பவர்களைப் பல வருஷமாகக் கவனித்து ஆராய்ச்சி செய்துவந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஜனங்கள் வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போவார்கள். போன இடத்தில் இந்தப் பட்டாணி கண்ணில் படும். பட்ட பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? வெட்டி எடுத்துவிடுவதுதான் வழக்கம். பட்டாணி டாக்டரும் ஒரு காலத்தில் வஞ்சனையில்லாமல் வெட்டித் தள்ளியவர்தான்.

அவரை ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது ஒரு பேக்கரிக்காரர். அவருடைய பட்டாணியை எடுக்கப் போய், கணையத்தில் பாதியையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. பரிசோதனைக்கு அனுப்பினால், அது யார் வம்புக்கும் போகாத சாதுவான கட்டி என்று பதில் வந்தது. மீதிக் கணையத்தால் சமாளிக்க முடியவில்லை. பேக்கரிக்காரருக்குச் சுகர் வந்து, தினமும் ஊசி போட்டுக்கொண்டு, தன் கடை கேக்கைத் தானே தொட முடியாத நிலை. அந்த மனிதர் சண்டைக்கு வந்திருந்தால்கூட டாக்டர் தாங்கியிருப்பார். அவரோ ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி கேக்கோடு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, எடுத்துட்டீங்க டாக்டர்" என்று கண் கலங்குவார். டாக்டருக்கு வெட்கமாக இருக்கும். அந்தக் கேக் ஒரு நாளும் அவர் தொண்டையில் இறங்கியதில்லை.

இன்னொரு பேக்கரிக்காரரை உண்டாக்கக் கூடாது என்றுதான் அவர் ராப்பகலாக உழைத்தார். முடிவு சுருக்கமானது. சின்னதாக, சாதுவாக இருக்கும் கட்டியை வெட்ட வேண்டாம். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். வெட்டிக்கொண்டவர்களைவிட வெட்டிக்கொள்ளாதவர்களே சௌக்கியமாக இருக்கிறார்கள். பெரிய மருத்துவப் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. இனிமேல் இப்படி வருகிறவர்களைத் தைரியம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆஸ்பத்திரி இயக்குநரிடம் அனுமதி கேட்கப் போனார்.

இயக்குநர் எழுந்து நின்று கைகொடுத்தார். ஆஸ்பத்திரிக்கே பெருமை என்றார். உட்கார்ந்த பிறகு, "சரி, இதைச் செய்யறது யாரு?" என்று கேட்டார்.

"எதை சார்?"

"வெட்டாம விடறதை."

"யாரும் செய்ய வேண்டாம் சார். சும்மா விட்டுடணும், அவ்வளவுதான்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. "சும்மா விட்டா அது சிகிச்சை இல்லை டாக்டர், அலட்சியம். நாளைக்கு ஒருத்தர் கேஸ் போட்டா, நாங்க சும்மா இருந்தோம்னு கோர்ட்டுல போய் சொல்ல முடியுமா? முறைப்படி வெட்டாம விட்டோம்னு சொல்லணும். தகுதியான சர்ஜன், உரிய இடத்துல, எல்லா ஏற்பாட்டோடயும் வெட்டாம விடணும்."

டாக்டர் அப்போதே மல்லுக்கு நின்றிருக்கலாம். ஆனால் எப்படி விட்டால் என்ன, வெட்டாமல் விட்டால் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த மாதமே வெட்டாமல் விடும் பிரிவை இயக்குநர் நாடா வெட்டித் திறந்துவைத்தார்.

நடைமுறை பின்வருமாறு வகுக்கப்பட்டது. நோயாளி முதல் நாளே வந்து படுக்க வேண்டும். மறுநாள் வெறும் வயிற்றோடு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். பெரிய விளக்கைப் போடுவார்கள். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுக்காமல் இருப்பார். அவர் இல்லாமல் தியேட்டரைத் திறக்க விதியில் இடமில்லை. சர்ஜன் கைகழுவி, உறை மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போதுமான நேரம் நின்றானதும், வயிற்றில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி வார்டுக்கு அனுப்புவார்கள். பிளாஸ்திரி எதற்கென்று டாக்டர் கேட்டார். அது இல்லாவிட்டால் இரவு டியூட்டி நர்ஸுக்கு இவர் வெட்டாமல் விடப்பட்டவர் என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்கள்.

முதலில் வந்தது ஒரு தையல்காரம்மா. "வெட்டப் போறதில்லைன்னா வெறும் வயிறு எதுக்குங்க? ஒரு வாய் காப்பி குடிச்சா என்ன?" என்று நியாயம் கேட்டார். தியேட்டருக்குள் வருகிற எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்று நர்ஸ் அவரை அடக்கினார். டாக்டருக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எல்லாம் முடிந்து, பயப்பட ஒன்றுமில்லை, எதுவும் செய்யவில்லை என்று அவரே போய்ச் சொன்னார். தையல்காரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களேதானே செய்யாம விட்டீங்க? அசிஸ்டெண்டை விட்டுச் செய்யாம விடலையே?"

இதற்கு ஆட்கள் வரிசை கட்டுவார்கள் என்று அன்றைக்கே டாக்டருக்குத் தோன்றிவிட்டது. நினைத்தபடியே கூட்டம் சேர்ந்தது. வெட்டாமல் விடப்படுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருக்கிறவர்கள் ஏற்கெனவே வெட்டப்படாமல்தானே இருக்கிறார்கள், அவர்களை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று டாக்டர் இயக்குநரிடம் மன்றாடிப் பார்த்தார். "அவங்க தானா வெட்டப்படாம இருக்காங்க டாக்டர். நாம இன்னும் அவங்களை வெட்டாம விடலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார்.

கல்லீரல் டாக்டர் சும்மா இருப்பாரா? கல்லீரலில் ஒன்றும் செய்யாத புள்ளி இருப்பவர்களை அவரும் வெட்டாமல் விட ஆரம்பித்தார். உடற்பருமன் டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். பருமனே இல்லாத பணக்காரர்கள் வந்து, இரைப்பையைச் சுருக்காமல் விடும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். விருந்துகளில் பிளாஸ்திரி தெரிகிற மாதிரி சட்டை போடுவது நாகரிகமாயிற்று. ஒரு கல்யாணப் பேச்சில், பெண்ணின் அப்பாவை ஜூனியர்தான் வெட்டாமல் விட்டாராம் என்று தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் யோசிக்க ஆரம்பித்ததாகக் கேள்வி. இவர்கள் எல்லோருக்கும் இடம் ஒதுக்கியதில், நிஜமாகவே வெட்ட வேண்டியவர்களுக்குத் தியேட்டர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. டாக்டர் நொந்துபோனார். "நான் சொன்னது ஒண்ணு, இவங்க செய்யறது ஒண்ணு. பயந்தாங்கொள்ளி ஜனங்க" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளுவார்.

அப்போதுதான் ஊழியர்களுக்கான வருடாந்திரப் பரிசோதனை வந்தது. டாக்டரும் ஸ்கேனுக்குப் படுத்தார். அவருடைய கணையத்திலும் ஒரு பட்டாணி.

படத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சொந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். சின்னது, சாது. தன் கட்டுரையில் உதாரணமாகப் போட்டிருந்த படத்துக்கும் இதற்கும் இம்மியளவும் வித்தியாசமில்லை. இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்து மறுபடி மறுபடி அளந்தார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்ட மனைவி கலங்கவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பிழை திருத்திக் கொடுத்தவரே அவர்தான்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? பேசாம சாப்பிட்டுட்டுப் படுங்க."

"அது ஊரார் வயித்தைப் பத்தி எழுதினது. இது என் வயிறு."

மறுநாள் வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி அவருக்குத் தேதி கொடுக்கப்பட்டது. அவரை வெட்டாமல் விடும் பொறுப்பு, அவரிடமே பயின்ற ஜூனியர் டாக்டரம்மாவுக்கு. வெறும் வயிற்றோடு படுத்து விளக்கைப் பார்த்தபோது, தையல்காரம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்று டாக்டருக்கு நன்றாகப் புரிந்தது. ஜூனியர் கைகட்டி நின்றார். டாக்டர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"வந்தது வந்தாச்சு. கொஞ்சம் திறந்துதான் பாரேன்ம்மா."

"சார், வெட்டறது யாருக்கும் வரும், கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுதான் கஷ்டம்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அந்தப் பெண் அசையாமல் நின்றார். ஒரு குறை சொல்ல முடியாது. டாக்டர் பிளாஸ்திரியோடு வீட்டுக்குப் போய், உட்கார்ந்தாலும் நின்றாலும் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, வேறு ஊரில் ஓர் இளம் சர்ஜனிடம் போய் நின்றார். அந்தப் பிள்ளை பதறி எழுந்து, உங்கள் ஆராய்ச்சியை மனப்பாடமாகப் படித்திருக்கிறேன், இதை வெட்டவே கூடாதே என்றான். "அதையெல்லாம் நம்பிக்கிட்டு இருக்காதே தம்பி" என்றார் டாக்டர்.

பட்டாணியோடு பாதிக் கணையமும் போயிற்று. பரிசோதனையில் சாதுவான கட்டி என்று பதில் வந்தது. சுகரும் வந்தது. இயக்குநர் நேரில் வந்து ஆறுதல் சொன்னார். வெட்டாமல் விடும் பிரிவு அவரை முறைப்படி வெட்டாமல் விட்டுவிட்டதால், அதற்குப் பிறகு நடந்தது பிரிவின் நற்பெயரைப் பாதிக்காது என்றும் தெரிவித்துக்கொண்டார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பேக்கரிக்காரரும் வழக்கம்போல ஒரு பெட்டியோடு பார்க்க வந்தார். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, தொட முடியாத இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீணாக்க மனம் வராமல், டாக்டர் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுநாள் இளம் சர்ஜனைப் பார்க்கப் போனார். அவன் தலை குனிந்து நின்றான். டாக்டர் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

"நல்லவேளை தம்பி," என்றார், "எடுத்துட்டே."