நூற்றுப் பதினேழாம் கேள்விக்கு முழுப்பேர்

2007 பெப்ரவரியில், நிவித்திகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முதலீட்டு வங்கி நேர்முகப் பரீட்சைக்கான ஆயத்தக் குழு முறைப்படி அமைக்கப்பட்டது. உறுப்பினர் ஏழு. நாற்காலி நான்கு.

காரணம் கலைச்செல்வி. நாகலிங்கம் கணக்கப்பிள்ளையின் மகள். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம், இறுதி வருடம். கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கி அவளை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லோரும் கடைகளுக்கும் வீடுகளுக்கும்தான். கழுத்தில் அட்டை மாட்டும் வேலைக்கு ஒருவரும் போனதில்லை. ஆகவே இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே தீரவேண்டும் என்று முதல் தீர்மானம் நிறைவேறியது.

முதலீட்டு வங்கி என்றால் என்ன என்பதை இரண்டாவதாக விசாரித்தோம். ஒரு கம்பெனி எவ்வளவு பெறும் என்று சொல்கிற வங்கி என்றாள் கலைச்செல்வி. கொழுந்து எடுக்கும் புஷ்பம் குழுவில் இருந்த ஒரே பெண்.

"சொல்றதுக்கா சம்பளம்?" என்று கேட்டாள்.

"ஆமாங்க அத்தை."

தலைவராக ஆபீஸ் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துச் செல்வரத்தினம், ஏகமனதாகத் தெரிவானார். அவர் முகங்கொடுத்த நேர்முகங்கள் ஐந்து, தோற்றவை நான்கு. அவ்வளவு அனுபவம் தோட்டத்தில் வேறெவருக்கும் இல்லை.

கலைச்செல்வியின் தோழி றமீலா, கேள்வியும் பதிலுமாக இருநூற்றுப் பன்னிரண்டைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். ஞாயிறு காலைகளில், மற்ற நாளில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கிளாக்கர் இங்கிலீசில் கேட்பார். அவள் இங்கிலீசில் சொல்வாள். பதில் சரிதானா என்று குழுவில் எவருக்கும் தெரியாது. கிளாக்கர் தாளில் விரல் வைத்து வரி பிடித்துக்கொண்டே போவார். விரல் போய் அவள் நின்றால் பிழை.

புள்ளி போடுவதற்கு எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அரைநாள் சம்பளம். நாகலிங்கம் அப்படியே பதிந்தார். முதல் ஞாயிறு முழுப்பேர் முப்பத்தொன்று, அரைப்பேர் ஒன்பது. சொந்த மகள் என்று ஒரு அரையைக்கூட அவர் முழுதாக்கவில்லை.

பிறகு கைகுலுக்கும் உபகுழு அமைந்தது. ஒரு குலுக்கலுக்கு மூன்று விநாடி என்று தோட்டத்து மருந்துக்காரர் டிஸ்பென்சர் மணிக்கூடு பிடித்தார். பார்க்க வருகிறவர்கள் அறுபத்துமூன்று பேர் ஆனார்கள்.

மூன்றாம் ஞாயிறு நூற்றுப் பதினேழாம் கேள்வி வந்தது. ஒரு சதமும் செலவழிக்காமல் ஒரு கம்பெனியின் பெறுமதியை எப்படிக் கூட்டுவாய்? பதில் இடத்தில் சொந்த உதாரணம் தரவும் என்று மட்டும் தாளில் இருந்தது. கிளாக்கரின் விரலுக்குப் போக வரி இல்லை. அவர் கேள்வியைத் தமிழில் சொல்லிக் குழுவின் யோசனையைக் கேட்டார்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு ரோசனை?" என்றாள் புஷ்பம். "பதினெட்ட இருபதாக்குனா முடிஞ்சுது. ஆளும் அதே ஆளு, மலையும் அதே மலை."

கலைச்செல்வி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. பேனையை வைத்துவிட்டு, "அத்தை, இது நம்ம தலையிலதானே விழும்?" என்றாள்.

"கொழும்புல சொல்ற பதிலு இங்க ஏன் புள்ள வரப்போகுது? நீ சொல்லு. வேல கெடைக்கட்டும்."

அறுபத்துமூன்று பேரும் கை தட்டினார்கள். முழுப்பேர் போடப்பட்டது.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்களாம். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றைத்தான் கேட்டார்களாம். அது நூற்றுப் பதினேழு. அவள் சொல்லச் சொல்ல நடுவில் இருந்தவர் குறிப்பெடுத்தாராம். வேலை கிடைத்தது. கோயிலில் பொங்கல், பட்டாசு இரண்டு கட்டு.

அவள் வேலைக்குப் போன மூன்றாம் மாதம் பெரட்டுக்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. நிபுணர் ஆலோசனைக்கமைய, நாளை முதல் முழுப்பேருக்கு இருபது கிலோ. அந்த வங்கி ஆலோசனை சொல்லும் கம்பெனிகளில் எங்கள் தோட்டத்துக் கம்பெனியும் ஒன்று என்பது அன்றுதான் தெரிந்தது. வங்கி அனுப்பிய அறிக்கையைப் பார்த்து அறிவித்தலைத் தட்டச்சு செய்தவர் செல்வரத்தினம்.

"எங்கட பிள்ளை எழுதின அறிக்கை. ஒரு எழுத்துப்பிழை இல்லை, பாருங்கோ" என்றார். நாங்களும் பார்த்தோம். இல்லைதான்.

கலைச்செல்வி தகப்பனுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். பதினெட்டிலேயே விடச் சொல்லி வங்கியில் கேட்டாளாம். அதற்கு நியாயம் என்ன என்று கேட்டார்களாம். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் அப்படி ஒரு கேள்வி இல்லை, அப்பா, என்று முடித்திருந்தாள்.

மறுநாள் அரைப்பேர் வாங்கியவர்கள் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுப் பேரும் கை தட்டியவர்கள். புஷ்பத்தின் கொழுந்து தராசில் பத்தொன்பது காட்டியது. நாகலிங்கம் அரைப்பேர் பதிந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்ன இருபதுக்கு முழுப்பேரு போட்டீங்களே?"

அவர் பேர் பதியும் செக்ரோலிலிருந்து தலை நிமிரவில்லை.

"அது பதிலுக்கும்மா. இது கொழுந்துக்கு."