எட்டுக் கடிதங்களும் எலுமிச்சம்பழமும்

"என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோவன்!" கார்லா இங்கிலீஷில் அவசரப்படுத்தினாள்.

விஜயரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது. லண்டனில் செவன் கிங்ஸிலிருந்து லூயிஷாமுக்கு, கார்லாவின் பெற்றோர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த மனிதர் தன்பாட்டில் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். பழைய கணப்படுப்பை மூடியிருந்த பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு பிஸ்கட் டின், அதற்குள் எட்டுக் கடிதங்கள். அதோடாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? இத்தாலியில், பலேர்மோவில் பன்னிரண்டு வருசம் இருந்தவன், இத்தாலியன் தண்ணீர்பட்ட பாடு என்று பெருமை வேறு பேசிவிட்டார்.

லண்டனில் பிறந்த கார்லாவுக்கு இத்தாலியன் வாசிக்க வராது. வருகிற ஞாயிறு அவளுடைய அப்பா பியேத்ரோவுக்கும் அம்மா அசுந்தாவுக்கும் ஐம்பதாவது கல்யாண நாள். விருந்தில் வாசிக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று குதித்தாள்.

கடிதத்தில் இருந்ததோ இதுதான்: "அசுந்தா, என் உயிரே, யாரையும் கல்யாணம் கட்டிவிடாதே. ஏப்ரலில் லண்டன் வருகிறேன். உன் நினோ, 1958." எட்டிலும் இதே புலம்பல். ஐம்பது வருசக் குடும்பம் இப்போது தன் கையில் இருப்பது விஜயரத்தினத்துக்கு விளங்கியது.

அந்த 2009ஆம் வருசம் வன்னிப் போரிலிருந்து வந்த சாவுச் செய்திகளையெல்லாம், மாமியாரிடம் வெறும் காய்ச்சல், தடிமன் என்று மாற்றிச் சொல்லியே பழகிய வாய் அவருடையது.

"எலுமிச்சம்பழத் தோட்டம்," என்றார். "அப்பாவின்ர சிநேகிதர், நினோ எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார்."

"எட்டுக் கடிதமுமா?"

"விளைச்சல் சரியில்லை. பூச்சி."

கார்லா எட்டிப் பார்த்தாள். "இது 'அமோரே'தானே? அது எனக்கும் தெரியும். காதல்!"

"அந்த மனுசனுக்கு எலுமிச்சையில அவ்வளவு விருப்பம்."

கடிதங்களோடு குளியலறைக்குள் புகுந்து மனைவிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"இஞ்சரும் சுசிலா, என்ர கையால ஒரு குடும்பம் உடையப்போகுது."

"சுவருக்கு அடிக்கப் போன நீங்கள், குடும்பத்துக்குள்ள ஏன் போனனீங்கள்?"

"இப்ப என்ன செய்யிறது? சொல்லுமப்பா!"

"காதல் கீதல் எண்டு வாயைத் திறவாதேங்கோ. அந்த நினோவைச் சாமியாராக்கிப்போட்டு வேலையை முடிச்சு வாங்கோ."

நல்ல யோசனை. நிம்மதியாகக் கதவைத் திறந்தால், எதிரே அசுந்தா நின்றார். நினோவின் பெயரைக் கார்லா அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள்.

"கண்ணாடி கீழ கிடக்கு. நீயே வாசி," என்றார் அசுந்தா இத்தாலியனில். கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கியது. அதைக் கவனிக்கிற நிலையில் விஜயரத்தினம் இல்லை.

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க எலுமிச்சையாகவே வாசித்தார்.

அசுந்தா கையை உயர்த்தி நிறுத்தினார். "நினோ தன்ர கல்யாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறானா?"

அப்பாடா! வழி தானாகவே திறந்தது.

"கல்யாணமோ? சிவசிவா! அவருக்குத் தோட்டத்தை விட்டா ஒண்டும் தெரியாது. கட்டவே இல்லையாம்."

"கடைசிக் கடிதத்திலயும்?"

"அதிலயும் இல்லை. என்ர பிள்ளையளாணை!"

அசுந்தாவின் முகம் வெளுத்தது. கோப்பித் தட்டோடு படியேறி வந்த பியேத்ரோவை இடித்துக்கொண்டு கீழே இறங்கினார். "அம்மா!" என்று கார்லா பின்னால் ஓடினாள். கீழே அலுமாரி திறபடும் சத்தமும், சூட்கேஸ் இழுபடும் சத்தமும் கேட்டன.

பியேத்ரோவின் பார்வை பிஸ்கட் டின்னில் நின்றது. "அவளுக்கு என்ன சொன்னாய்?"

பாவம், கிழவர் பயந்துவிட்டார். விஜயரத்தினம் அவர் தோளைத் தட்டினார்.

"யோசியாதேங்கோ ஐயா. எல்லாத்தையும் மறைச்சுப்போட்டன். நினோ கல்யாணமே கட்டேல்லை எண்டுதான் சொன்னனான்."

கிழவர் கோப்பித் தட்டோடு பெயிண்ட் வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த நாளில இந்தக் கடிதங்களை அவளுக்கு வாசிச்சுக் காட்டினது நான்தான்," என்றார். "நினோ வேற ஒருத்தியைக் கட்டிப்போட்டான் எண்டு வாசிச்சனான்."